எழும்பூர் மியூசியத்தில் நடக்கும் பேச்சுகளுக்குப் பையனை அழைத்துப் போகலாமா?

பெரம்பூர்க்காரி

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். கல்யாணமாகிப் பெரம்பூர் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. பையன் எட்டாவது படிக்கிறான். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுவான், ஆனால் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தால் போய் நின்று, "அம்மா, அந்தக் காலத்துச் செங்கல் எவ்வளவு சன்னமா இருக்கு பாரு" என்று ஒரு உடைந்த துண்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவான். அந்த ஆர்வத்தை விட்டுவிடக் கூடாது என்று, போன ஆகஸ்டில் மெட்ராஸ் வாரம் நடந்தபோது ஒரு அரங்கத்துக்கு (பெயர் வேண்டாம்) பேச்சு கேட்க அழைத்துப் போனேன். ஒன்றேகால் மணி நேரம், முழுக்க ஆங்கிலம். பேசியவர் திரையில் இருந்ததைப் படித்துக்கொண்டே போனார். கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். இவன் கையைத் தூக்கினான், தூக்கிக்கொண்டே இருந்தான், மைக் இவன் பக்கம் வரவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் முயற்சி செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். எழும்பூரிலோ ஜார்ஜ் கோட்டையிலோ நடக்கும் பேச்சு, நடை, கலை நிகழ்ச்சி எதற்காவது குழந்தைகளோடு போன அனுபவம் உங்களுக்கு உண்டா? தமிழில் நடக்கிறதா? எங்கே விவரம் தெரியும்? இல்லை, இதெல்லாம் பெரியவர்களுக்கானது, அவன் இன்னும் வளரட்டும் என்று விட்டுவிடலாமா?

செத்த காலேஜ் ரசிகர்

அம்மா, விட்டுவிடாதீர்கள். செங்கல் துண்டைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அந்த இடம் கட்டாயம் பிடிக்கும்.

என் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் அப்பா காலத்தில் எழும்பூர் மியூசியத்தை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ், பாடம் செய்த விலங்குகள் இருக்கும் இது செத்த காலேஜ். 1851இல் மியூசியம் முதலில் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில், ஒரு காலேஜ் கட்டடத்தில். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1854இல்தான் எழும்பூருக்கு வந்தது. வந்து சேர்ந்த இடமும் சாதாரண இடமில்லை. பாந்தியன் என்று அங்கே ஒரு மாளிகை இருந்தது, அந்தக் கால வெள்ளைக்காரர்கள் நடனத்துக்கும் நாடகத்துக்கும் விருந்துக்கும் கூடிய இடம். சாலைக்குப் பாந்தியன் சாலை என்று பெயர் வந்தது அதனால்தான். ஊர் கூடுவதற்கென்றே இருந்த இடம் என்பதால், அங்கே ஒரு பேச்சு நடக்கிறது என்றால் எனக்கு ஏனோ அது சரியாகப் பொருந்துகிற மாதிரி இருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் இருபது வருஷமாகப் போகிறேன், என் அனுபவத்தில் ஒரே ஒரு விஷயம்தான்: பேச்சு கேட்கப் போகிற அன்றைக்கு, பேச்சுக்கு முன்னால் அந்தப் பொருளைப் பார்த்துவிடுங்கள். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் இப்படி ஒரு பொருள் அடையாளம் காணப்பட்டது அதுதான் முதல் முறை. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகள் பிறகு எழும்பூருக்கு வந்தன. இதைப் பற்றி ஒருவர் பேசும்போது திரையில் படம் போட்டால் அது வெறும் கல்தான். அதற்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி அருகே நின்று, ஒரு பக்கம் கை பிடிக்க உருண்டையாகவும் இன்னொரு பக்கம் கூராகவும் இருப்பதைப் பார்த்துவிட்டு, நம் கையை அந்த அளவுக்கு மடக்கிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் அந்தப் பேச்சே வேறு. நான் முதல் தடவை அப்படிச் செய்த அன்றைக்கு, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகிற பல்லாவரத்தில் ஒருவன் இதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கோட்டை மியூசியமும் அப்படித்தான். அங்கே தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

அரசுப்பள்ளி ஆசிரியை

முதலில், மைக் வராமல் போனதற்கு என் வருத்தம். கூட்டத்தில் கையைத் தூக்குவதற்கே ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப் போகிறேன். மொழி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், இந்த நகரத்தின் வரலாற்றைப் பற்றி நடக்கும் கூட்டங்களில் ஆங்கிலம்தான் அதிகம். தமிழிலும் நடக்கின்றன, கல்வெட்டு, செப்புத்திருமேனி, தொல்லியல் என்றால் தமிழில் நன்றாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அறிவிப்பில் மொழி என்ன என்று போடாவிட்டால் போன் செய்து கேளுங்கள், கூச்சமே வேண்டாம். நாலு பேர் கேட்டால்தான் அடுத்த தடவை தமிழில் வைக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றும்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் கூடத்தில் ஒரு நாள் இருபது பேரை நிற்க வைத்து ஒருவர் தமிழில் விளக்கினார். மைக் இல்லை, நாற்காலி இல்லை. கிருஷ்ணா ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபியை 1845இல் வால்டர் எலியட் தோண்டியது, சிற்பங்கள் சென்னைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்தது, 1859இல் 121 கற்கள் கப்பலேறி லண்டனுக்குப் போனது எல்லாம் சொன்னார். அப்புறம் சுவரைக் காட்டினார். இங்கே மிஞ்சிய கற்கள் பலவற்றைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் சுவரிலேயே பதித்துப் பூசிவிட்டார்கள், அந்தப் பூச்சிலிருந்து உப்பு கல்லுக்குள் ஏறி இப்போது கல்லையே அரிக்கிறது, பிய்த்து எடுக்கவும் பயம், விடவும் பயம். ஏழாவது படிக்கும் என் மாணவி ஒருத்தி சுவர் ஓரத்தில் குனிந்து பார்த்து, "சார், இங்க மாவு மாதிரி உதிருது" என்றாள். அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, "நீ சரியாப் பார்த்திருக்கே" என்றார். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். அந்த ஒரு நாளால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்கிறாள்.

அதனால் அரங்கத்தில் நடக்கும் நீளமான பேச்சைவிட, கூடத்துக்குள்ளே பொருளுக்கு எதிரே நின்று நடக்கும் விளக்கத்தை முதலில் தேடுங்கள். அங்கே மைக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரங்கமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டியது, உள்ளே அரைவட்டமாகப் படிப்படியாக இறங்கும், எங்கே உட்கார்ந்தாலும் மேடை தெரியும். உங்கள் பையன் கட்டடத்தைப் பார்த்தே நேரம் போக்குவான்.

மில் தெரு

மேலே சொன்னவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் தினம் 2004இல் தொடங்கியதிலிருந்து கவனித்து வருகிறேன். தொடங்கியவர்கள் ஊர் மேல் உண்மையான அன்பு வைத்தவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் பேச்சு ஒவ்வொன்றும் 1639 ஆகஸ்ட் 22, கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே நிலம் வாங்கியது, கோட்டை என்றே ஆரம்பிக்கிறது. திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு இருக்கிறது. மயிலாப்பூர் அதற்கும் முந்தியது. மணல் திட்டில் வலை காய வைத்துக்கொண்டு மீனவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஊரின் பிறந்த நாள் என்று ஒன்றைச் சொல்லும்போது, அதற்கு முன் இங்கே இருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது முதலில் சொல்ல வேண்டும்.

அப்புறம் அம்மா, நீங்கள் பெரம்பூர் என்கிறீர்கள். உங்கள் பக்கத்து வரலாறு எத்தனை பேச்சுகளில் வருகிறது? 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் உங்கள் பெரம்பூரில் தொடங்கியது, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் வேலை செய்தவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் கொடுக்கவில்லை என்ற ஆத்திரத்தில், மில்லுக்குப் பக்கத்தில் செல்வபதி செட்டியார் கடையில் கூடிப் பேசப் பேச உருவான சங்கம் அது. 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச்சூடு. என் தாத்தாவின் அப்பா அந்த மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அவருடைய சம்பளச் சீட்டு ஒன்று, எண்ணெய்க் கறையோடு, இன்னும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இதை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஒரு பேச்சு வைத்தால் வடசென்னையே திரண்டு வரும்.

உங்கள் பையனை மியூசியத்துக்கு அழைத்துப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் போகும்போது இந்தக் கேள்வியோடு அனுப்புங்கள்: எங்கள் தெரு இதில் எங்கே இருக்கிறது?

தன்னார்வலர் 44

மில் தெரு அண்ணா, அந்தச் சீட்டைத் தயவுசெய்து பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அமிலமில்லாத காகிதத்தில் மடிக்காமல் வையுங்கள். படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு நாற்காலி போடுவதிலிருந்து எல்லாம் செய்திருக்கிறேன், அதனால் உள்ளிருந்து ஒன்று சொல்கிறேன். பேச்சு நாற்பது நிமிஷத்தைத் தாண்டினால் கூட்டம் கையை விட்டுப் போய்விடும், பேசுகிறவருக்கு அது தெரியாது, அவர் தன் ஆயுள் உழைப்பை ஒரு மாலையில் சொல்லிவிடப் பார்ப்பார். கேள்வி நேரத்தில் முதல் இரண்டு கேள்வி பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்று நாங்கள் முன்கூட்டியே அறிவித்துவிடுவோம். அதைத் தொடங்கிய பிறகு கேள்விகளின் தரமே ஏறியது. கோட்டை மியூசியத்தைப் பற்றி ஒரு பேச்சு, அந்தக் கட்டடத்தின் மேலேதான் 1796இல் ஊரின் முதல் கலங்கரை விளக்கம் இருந்தது, தேங்காய் எண்ணெயில் எரிந்தது என்று பேச்சாளர் சொன்னார். ஒரு சின்னப் பெண் எழுந்து, "தினமும் யார் எண்ணெய் தூக்கிட்டு மேலே ஏறினாங்க?" என்று கேட்டாள். பேச்சாளர் சற்று நேரம் பேசாமல் நின்றார். அந்த ஆட்களின் பெயர் எந்தப் பதிவிலும் தான் பார்த்ததில்லை, இனிமேல் தேடுகிறேன் என்றார்.

விவரம் தெரிய: ஏப்ரல் 18 உலக மரபு நாள், மே 18 அருங்காட்சியக நாள், ஆகஸ்ட் கடைசி வாரங்கள், நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரம், இந்த நாலு சமயத்திலும் நாளிதழின் 'இன்று' பகுதியைப் பாருங்கள். மற்ற நாட்களில் நேரில் போகும்போது நுழைவாயில் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பறை, கூத்து, வில்லுப்பாட்டு மாதிரி கலை நிகழ்ச்சி இருந்தால் அதற்கு முதலில் போங்கள். கூத்துக்காரர் தலையில் கிரீடம் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நீங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்கிறீர்கள். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்த பொருள்கள் எழும்பூரில்தான் இருக்கின்றன. தங்கத் தகட்டில் செய்த நெற்றிப் பட்டம், வெண்கலக் கலயங்கள். உங்கள் ஊர் ஆட்கள் புதைத்த தாழிக்குள்ளிருந்து வந்தவை.

பெரம்பூர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. ஆதிச்சநல்லூர் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதில் அந்தப் பரம்பு வழியாகத்தான் பஸ்ஸில் போவோம், ஆச்சி "அங்க இறங்காத, தாழிக்காடு" என்பாள். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தோம். பேச்சு எதுவும் இல்லை, சும்மா பார்க்கத்தான். செத்த காலேஜ் ஐயா சொன்ன மாதிரி கற்கருவிகள் முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்தான். ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இருக்கும் இடத்தில் ரொம்ப நேரம் நின்றான். அந்த வெண்கலக் கலயத்தின் மூடியில் சின்னதாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது, அதைக் காட்டி, "ஆச்சி வீட்டுக் குத்துவிளக்கு மேல இருக்கிற மாதிரியே இருக்கும்மா" என்றான். நான் இத்தனை வருஷம் அந்த விளக்கைத் துடைத்திருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

வாசலில் அறிவிப்புப் பலகையை அவனே படித்துத் தேதி குறித்துக்கொண்டான். அண்ணா, அந்தச் சம்பளச் சீட்டை ஒரு நாள் அவன் வந்து பார்க்கலாமா? பெரம்பூரில் எந்தத் தெரு என்று தனியே செய்தி அனுப்புங்கள். கேள்விகள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான், முதல் கேள்வி சாப்பாட்டு நேரம் எத்தனை நிமிஷம் கொடுத்தார்கள் என்பதுதான்.