‘லைன்’ என்ற சொல்லும் ‘லயம்’ என்ற கலைச்சொல்லும்

அன்புள்ள ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

வீடமைப்புக் கலைச்சொற் பட்டியலில், இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான ‘லைன் ரூம்’ என்பதற்குத் ‘தொடர்மனை’ என்று தாங்கள் முன்மொழிந்திருந்ததைப் படித்தேன். சொல் அழகாகவே அமைந்திருக்கிறது. ஆயினும் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், நாங்கள் லயம் என்று அழைக்கும் அத்தகைய குடியிருப்பில், பத்துக் காம்பரா (அறை) கொண்ட ஒன்றில் பிறந்து வளர்ந்த என்னால் அதை ஏற்க முடியவில்லை. ‘லயம்’ என்பதையே கலைச்சொல்லாகக் கொள்ள வேண்டும்.

இலத்தீனில் ‘லீனும்’ என்பது ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. அதன் வழிவந்த ‘லைன்’ ஆங்கிலத்தில் கயிற்றைக் குறித்து, கயிறு பிடித்து இட்ட கோட்டையும், கோட்டின்படி நின்ற வரிசையையும், செய்யுளின் அடியையும் குறிக்கும்படி விரிந்தது. தூண்டில் நூலுக்கு இன்றும் அங்கே அதுவே பெயர். கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புவதையும், ஏட்டுக்கும் நாம் நூல் என்றே பெயரிட்டிருப்பதையும் நினைத்தால், இவ்விரிவு நமக்கு அந்நியமாகத் தோன்றாது. வெள்ளையர் ஆட்சியில் சிப்பாய்களின் வரிசைக் குடியிருப்பு ‘லைன்ஸ்’ எனப்பட்டது. கோப்பித் தோட்டத்திலும், பின்னர் தேயிலைத் தோட்டத்திலும் தொழிலாளர் குடியிருப்புக்கும் அதே பெயர் வழங்கியது.

குதிரை லாயமே லயமாயிற்று என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒப்புமையில் உள்ள வேதனையை நான் அறிவேன். ஆனால் சொற்பிறப்பு அதுவன்று. எங்கள் பெரியவர்கள் ‘லயன்’ என்றே சொல்வார்கள். சிங்களவரும் ‘லயின் காமர’ என்கிறார்கள். லயன் லயமானது, அறம் அறன் என்றும் நிலம் நிலன் என்றும் வழங்கும் கடைப்போலிக்கு உறவான மாற்றம். அந்த அளவுக்கு அச்சொல் தமிழின் ஒலிப்புக்குள் வந்துவிட்டது.

லயத்துக்குள் நுழைந்தால் இன்னும் இரண்டு மொழிகள் நிற்கின்றன. முன்னால் உள்ள இஸ்தோப்பு, அதாவது திண்ணை, டச்சுக்காரரின் ‘ஸ்தூப்’. உள்ளே உள்ள காம்பரா போர்த்துக்கேயரின் ‘காமரா’. எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. குறுக்குச் சுவர் கூரைத் தகரம் வரை எட்டாது. அடுத்த வீட்டு அடுப்புப் புகை அந்த இடைவெளியால் எங்கள் பக்கம் வரும், பாட்டியின் இருமல் அவர்கள் பக்கம் போகும்.

வரிசைக்குத் தமிழ்ச் சொல் இல்லாமல் எம்மவர் ‘லைனை’ எடுத்துக்கொள்ளவில்லை. கொழுந்து எடுக்கும் மலையில் ஒவ்வொருவருக்கும் உரிய செடி வரிசையை ‘நெரை’ என்கிறோம். அது ‘நிரை’ என்னும் பழஞ்சொல்லே. கையில் அச்சொல் இருந்தும் வீட்டு வரிசையை எவரும் நிரை என்று அழைக்கவில்லை. தோட்டத்தை நிர்வகித்த துரை கட்டி, எண் போட்டுக் கொடுத்ததற்கு அவர் சொன்ன பெயரே நிலைத்தது என்றே நான் கருதுகிறேன்.

தொடர்மனையை நான் மறுப்பதும் இதனால்தான். நகரத்தில் ஒருவர் விலை கொடுத்து வாங்கும் ஒட்டு வீடும் தொடர்மனைதான். லயமோ தோட்ட நிர்வாகத்தின் சொத்து. தோட்ட வேலையோடு பிணைந்த குடியிருப்பு. ‘மனை’ என்றால் நிலமும் உரிமையும் நினைவுக்கு வருகின்றன. ஒரு துண்டுக் காணிக்கும் அதன் உறுதிப் பத்திரத்துக்கும் இன்னும் காத்திருப்பவர்களின் இருப்பிடத்துக்கு அப்பெயரைச் சூட்டுவது, இல்லாத உரிமையை ஏட்டில் எழுதுவதாகும். தமிழ்நாட்டின் ‘லைன் வீடு’ம் பொருந்தாது, அது வாடகைக் குடித்தனம். இசையின் லயத்தோடு குழம்பும் என்ற அச்சம் வேண்டாம். ‘மூன்றாம் நம்பர் லயம்’ என்று கேட்ட எவரும் தாளத்தை நினைத்ததில்லை.

ஆகவே பதிவு இவ்வாறு அமையலாம்: “லயம்: தோட்ட நிர்வாகம் தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய குடியிருப்பு. அதன் ஓர் அலகு லயக் காம்பரா.” தொடர்மனையை நகர ஒட்டு வீட்டுக்கு வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. காம்பராக்கள் முதுகோடு முதுகாக அமைந்த வகையை ‘இரட்டை லயம்’ என்று தனிப் பதிவாகச் சேர்க்கலாமா என்பதை, பதுளை, மாத்தளைப் பக்க அன்பர்கள் தங்கள் தோட்ட வழக்கைச் சொன்ன பிறகு முடிவு செய்வோம்.