டொம்லூர் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்கள். வரலாறு என்றாலே ஆண்டுகளை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் டொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்கு (பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், பெருமாள் கோயில்தான்) அழைத்துப் போகப் போகிறேன். அங்கே 13ஆம் நூற்றாண்டு, போசள (ஹொய்சள) மன்னர்கள் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளை கல்வெட்டு ஆய்வாளர் லூயிஸ் ரைஸ் 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற கல்வெட்டு நூல் வரிசையின் 9ஆம் தொகுதியாக வெளியிட்டார். அச்சில் பார்ப்பது வேறு. கல்லில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பது வேறு.

பழைய தமிழ் எழுத்தும் கிரந்தமும் (வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட எழுத்து) படிக்கத் தெரிந்தவர் யாராவது ஒரு ஞாயிறு காலை எங்களோடு வர முடியுமா? அப்புறம், அந்தத் தொகுதியின் தெளிவான நகல் இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.