செர்மாற் போற வழியில பிரிக்: இறங்கிப் பாக்கலாமோ?

கோப்பாய்வாசி:
யூன் மாசம் அம்மா அப்பாவோட சுவிஸில, பேர்னில சித்தி வீட்டில நிப்பம். செர்மாற் எண்ட மலை ஊருக்குப் போக பிரிக்கில ரயில் மாறலாமாம். அந்த ஊர் இறங்கிப் பாக்கிற அளவுக்கு இருக்குதோ? அப்பாவுக்கு முழங்கால் நோ, அம்மா சைவம்.

தண்டவாளம்:
கட்டாயம் இறங்குங்கோ. பேர்னில இருந்து ரண்டு பாதை. 2007இல திறந்த 34.6 கிலோமீற்றர் அடிவாரச் சுரங்கத்தால போனா ஒரு மணித்தியாலம்தான், ஆனா முக்கியமான இடமெல்லாம் இருட்டு. 1913ஆம் ஆண்டுப் பழைய பாதையில கண்டெர்ஸ்டெக் வழியாப் போற ரயிலை எடுங்கோ. நேரம் கூட, ஆனா கொப்பென்ஸ்டைன் தாண்டினாப் பிறகு ரோன் பள்ளத்தாக்கு முழுக்க கீழ விரியும். போகேக்க வலப்பக்க யன்னலில இருக்கவேணும்.

ஸ்டேசனில இருந்து ஸ்டொக்கால்பர் மாளிகைக்கு ஆறுதலா நடந்தாலும் கால்மணித்தியாலம் காணும். வெங்காய வடிவக் கூரையோட மூண்டு கோபுரம். சிம்ப்ளோன் கணவாயால சரக்கு ஏத்தி, உப்பு வியாபாரத்தையும் தன்ர கைக்குள்ள வச்சிருந்த காஸ்பர் ஸ்டொக்கால்பர் 17ஆம் நூற்றாண்டில கட்டினது. மலைக்கு அந்தப்பக்கம் இத்தாலி, இந்தப்பக்கம் பிரிக்; ஊர் வளர்ந்ததே அந்தப் பாதையாலதான். முற்றம் பாக்கக் காசில்லை. உள்ளுக்குப் போறதெண்டா வழிகாட்டியோடதான், திங்கள் பூட்டு.

செர்மாற் ரயில் பெரிய பிளாட்போமில நிக்காது. ஸ்டேசன் கட்டடத்துக்கு முன்னால, தெருப்பக்கம் நிக்கும். உள்ளுக்குத் தேடித்தான் கனபேர் ரயிலை விடுறவை.

வாய்க்கால்:
சல்தீனா ஆத்துப் பாலத்தையும் பாருங்கோ. 1993 செப்ரெம்பர் 24 வெள்ளத்தில கல்லும் மண்ணும் பதிஞ்ச பாலத்தில அடைச்சு, ஆறு கரை மீறி ஊருக்குள்ள வந்தது. நடுத்தெருவே கல்லால நிரம்பினது. பிறகு கட்டின பாலம் தானா எழும்பும்: ஆறு ஏற, தண்ணி ஒரு தொட்டிக்குள்ள பாயும், அந்தப் பாரம் பாலத்தைத் தூக்கும். மின்சாரம் தேவையில்லை. 2000 ஒக்ரோபர் வெள்ளத்தில ஊரைக் காத்தது இதுதான். எங்கட மதகுகளிலயும் குப்பை அடைக்கிற இடத்திலதான் வெள்ளம் ஏறுது. இப்பிடி யோசிச்சுக் கட்டினதைப் பாக்க உண்மையிலயே சந்தோசம்.

மரக்கறிக்கடை:
அம்மாவுக்கு 'கொலேரா' எண்ட பை இருக்கு: உருளைக்கிழங்கு, லீக்ஸ், அப்பிள், சீஸ். சில இடத்தில பன்றி இறைச்சித் துண்டு போடுவினம், வாங்க முன்னம் கேளுங்கோ. றை எண்ட தானியத்தில செய்யிற கறுப்புப் பாண் கன நாள் பழுதாகாது, பயணத்துக்கு நல்லது. ஞாயிறு கடைகள் பூட்டு, ஸ்டேசன் கடைதான் தஞ்சம். பக்கத்து முண்ட் ஊரில குங்குமப்பூச் செய்யினம், ஆனா பூக்கிறது ஒக்ரோபர் அளவில; யூனில வயலுக்குப் போய்ப் பிரயோசனமில்லை.

கோப்பாய்வாசி:
நன்றி. இத்தாலிப் பக்கம் இருக்கிற டொமொடொசோலாவுக்கும் போய்வரலாமோ?

தண்டவாளம்:
ஓம். 1906இல திறந்த சிம்ப்ளோன் சுரங்கத்தால அரை மணித்தியாலம். சுவிஸுக்கு எடுத்த செங்கன் விசா இத்தாலிக்கும் செல்லும், ஆனா பாஸ்போட்டைக் கையில வச்சிருங்கோ, ரயிலுக்குள்ள சோதிக்கிறவை. அப்பாவுக்கு ஏலுமெண்டா திரும்பேக்க கணவாய்க்கு மேலால போற போஸ்ட் பஸ் எண்ட பொதுப் பஸ்ஸில வாங்கோ. 2,000 மீற்றர் உயரம், யூனிலயும் குளிரும், சுவெற்றர் வேணும்.