புதுப்பிப்பு: நிலக்கடலைத் தயிர் உறைந்துவிட்டது

பாலை விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறிய எங்கள் வீட்டில் நிலக்கடலைத் தயிர் உறையாமல் நீர்த்தே கிடக்கிறது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, எலுமிச்சைச் சாற்றைத் தவிர்த்துப் பச்சை மிளகாய்க் காம்புகளை உறையாக இடச் சொன்ன யோசனைதான். ஒரு குவளை கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, தோலை நீக்கி, இரண்டரைக் குவளை நீருடன் மையாக அரைத்து, வடிகட்டாமல், அடிபிடிக்காதபடி கிளறிக்கொண்டே 10 நிமிடம் காய்ச்சினேன். விரல் பொறுக்கும் சூட்டில், கழுவித் துடைத்த 10 காம்புகளைப் போட்டு மூடிவைத்ததில், 12 மணி நேரத்தில் லேசாகப் புளித்ததே தவிரக் கெட்டிப்படவில்லை. அதில் இரண்டு கரண்டியை எடுத்து மறுநாள் புதிய கடலைப் பாலுக்கு உறை ஊற்றியபோதுதான், கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்தில் உறைந்தது.

எதிர்பாராதது, அடியில் நீர் பிரிந்து நின்றது; கலக்கியதும் சேர்ந்துவிட்டது. தயிர்ச்சாதத்தில் கடலை மணம் சற்றுத் தெரிகிறது, ஆனால் கொதிக்கவிடாமல் நுரை கட்டியதும் இறக்கிய வெண்பூசணி மோர்க்குழம்பில் தெரியவே இல்லை. மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அதைவிட நிறைவு வேறில்லை.

இத்தயிரை நம்பி, தாவர உணவில் இயல்பாகக் கிடைக்காத பி12 உயிர்ச்சத்தை மறந்துவிடக் கூடாது என்று நினைவூட்டியவருக்குத் தனி நன்றி. மருத்துவரைக் கேட்டு மாத்திரை தொடங்கியுள்ளோம்.