பூசணம் பூத்த ஊறுகாயை வழித்துவிட்டுச் சாப்பிடலாமா?

மலைச்சாரல்:
ஏற்காட்டு ஈரத்தில் ஒரு வருடமாக இருக்கும் மாங்காய் ஊறுகாய். எண்ணெய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த துண்டுகளில் மட்டும் பச்சைப் பூசணம். அடியில் வாசனை மாறவில்லை. வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம்.

செவ்வாய்ப்பேட்டையார்:
நான்கு விரல் ஆழத்துக்கு வழித்து எறியுங்கள். நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இதுதான் வழக்கம். உப்பும் புளிப்பும் ஊறிய காயை எந்தக் கிருமி தொடும்?

அஸ்தம்பட்டி வாசகி:
பாதி உண்மை, ஐயா. அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருக்கும்வரை நரம்புகளை முடக்கும் நச்சை விடும் பொட்டுலிசக் கிருமி வளராது. மாங்காயின் புளிப்பு அதற்குப் போதும். பூசணத்துக்கு அந்தத் தடை கிடையாது. அது அமிலத்தையே தின்று வளரும், அந்த இடத்தில் புளிப்பு குறைந்துகொண்டே போகும். சில பூசணங்கள் விடும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். சமையல் சூட்டில் அது அழியாது. எண்ணெயும் சாறும் கலந்து கிடக்கும் ஜாடியில் நச்சு நான்கு விரலோடு நிற்கும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

செவ்வாய்ப்பேட்டையார்:
அப்படியானால் வடுமாங்காய் உப்புநீரில் படரும் வெள்ளை ஆடை? அதற்கும் ஜாடியைக் கவிழ்க்க வேண்டுமா?

அஸ்தம்பட்டி வாசகி:
வேண்டாம். அது பெரும்பாலும் ஈஸ்ட். பஞ்சுபோல எழும்பாது, நிறமும் ஏறாது. உடனே எடுத்துவிட்டு உப்பைச் சரிபார்த்தால் போதும்.

மலைச்சாரல்:
பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்ட பாட்டில் ஒன்றும் அலமாரியில் இருக்கிறது. அதில் பூசணமே இல்லை.

அஸ்தம்பட்டி வாசகி:
முதலில் அதைக் கொட்டுங்கள்! ருசி பார்க்கக்கூட வேண்டாம். பூண்டில் புளிப்பு இல்லை, எண்ணெயோ காற்றுப் புகாமல் அடைத்துவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசக் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம். மணத்திலும் நிறத்திலும் ஒன்றும் தெரியாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தின் எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். இந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாதவை. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

செவ்வாய்ப்பேட்டையார்:
பூண்டு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மாங்காயில் இல்லை. ஈரக் கரண்டி போட்டதும், எண்ணெயைக் குறைத்ததும்தான் குற்றம். எண்ணெய் மூடியிருந்தால் பூசணம் வந்திருக்காது. ஒரு ஜாடி உழைப்பைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வராது.

அஸ்தம்பட்டி வாசகி:
வராமல் தடுக்க நீங்கள் சொல்வதே வழி. இவர் ஜாடியில் வந்துவிட்டதே, ஐயா! இனி எண்ணெய் ஊற்றினால் பூசணம் அடங்கலாம், விட்ட நச்சு அப்படியே இருக்கும். இதைப் பிள்ளைகள் தட்டில் வைக்கச் சொல்லாதீர்கள்.