புதுப்பிப்பு: நிலாவெளி கரைவலைப்பாட்டை மறித்த ஹோட்டல் வேலி

திருகோணமலை நிலாவெளியில் எங்கள் கரைவலைப்பாட்டை (கரையில் நின்று வலை இழுத்து மீன்பிடிக்கும் இடம்), ஆமை முட்டையிடும் மணலோடு சேர்த்து, ஹோட்டலுக்காக வேலியடைத்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கையெழுத்து மனு பலிக்கவில்லை. அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கைகொடுத்தது, இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள் என்று ஒருவர் சொன்னது. 'கரையோர அபிவிருத்தி அனுமதிப்பத்திரத்தின் பிரதி வேண்டும்' என்று ஒரே வரிதான் எழுதினோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வந்த பதில்: அப்படியொரு அனுமதியே கொடுக்கவில்லையாம்! உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம்; அதற்குள் கட்டுவதற்குத்தான் அந்த அனுமதி வேண்டும். கடிதத்தைக் காட்டியதும் வேலை நின்றது.

எதிர்பாராதது: ஹோட்டலில் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த ஊர்ப் பெடியள் சிலர் இப்போது எங்களோடு கதைப்பதில்லை. அவர்கள் கோபமும் நியாயம்தான். சரி, வாடி (கரையில் மீனவர் தங்கும் குடில்) திரும்பப் போட்டாச்சு. கொங்கிறீட் தூண்கள் இன்னும் நிற்கின்றன.