மூன்று பிரதிகள் இருந்தும் ஒரு சர்வரை அணைத்தால் செஃப் சேமிப்பகம் உறைவது ஏன்?

கேள்வி:
சேமிப்பகத்தை வன்பொருளிடம் விடாமல் மென்பொருளே நிர்வகிக்கட்டும் என்று, மூன்று சர்வர்களில் தலா 4 வட்டுகளைப் பொருத்தி, பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் செஃப் (Ceph) மென்பொருளை நிறுவியுள்ளேன். பிரதிகள் 3, குறைந்தபட்சப் பிரதிகள் 2 (இதற்குக் கீழே போனால் படிப்பதும் எழுதுவதும் நிற்கும்). பராமரிப்புக்காக ஒரு சர்வரை அணைத்தபோது மெய்நிகர் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறைந்தன. செஃபின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர் நிரல்கள் மூன்றில் இரண்டு இயங்கியதால் பெரும்பான்மை குலையவில்லை. ஆனால் ஏறக்குறைய கால்வாசி பிஜிக்கள் (PG, செஃப் தரவைப் பிரித்து வைக்கும் குழுக்கள்) செயலற்றுக் கிடந்தன. எங்கே தவறினேன்?

பதில் 1:
மொத்தமாக நிற்காமல் ஒவ்வொன்றாக உறைந்தன என்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. எந்தப் பிரதி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் உங்கள் க்ரஷ் (CRUSH) விதி, பிரதிகளை ஹோஸ்ட் (சர்வர்) வாரியாகப் பிரிக்கிறதா, ஓஎஸ்டி (OSD, ஒவ்வொரு வட்டையும் நிர்வகிக்கும் செஃப் நிரல்) வாரியாகப் பிரிக்கிறதா என்று பாருங்கள். ஓஎஸ்டி வாரியாக இருந்தால், வெவ்வேறு வட்டுகளில் வைத்தால் போதும் என்று கருதி, ஒரே சர்வருக்குள் இரண்டு பிரதிகளை, சில வேளைகளில் மூன்றையுமே, செஃப் வைத்துவிடும். 12 வட்டுகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் 220 வழிகளில் 52 வழிகளில், குறிப்பிட்ட ஒரு சர்வரில் இரண்டோ அதற்கு மேலோ பிரதிகள் விழும். நீங்கள் கண்ட கால்வாசி இதுதான். மெய்நிகர் வட்டு ஒவ்வொன்றும் இயல்பாக 4 எம்பி துண்டுகளாகப் பல பிஜிக்களில் சிதறியிருப்பதால், செயலற்ற பிஜியில் உள்ள துண்டைத் தொடும் வரை கணினி ஓடும், தொட்டதும் உறையும்.

கேட்டவர்:
உண்மைதான் ஐயா. முதலில் ஒரே சர்வரில் சோதித்துப் பார்த்தேன். அப்போது வைத்த ஓஎஸ்டி விதியை மாற்ற மறந்துவிட்டேன். குறைந்தபட்சப் பிரதியை 1 ஆக்கினால் போதுமா?

பதில் 2:
வேண்டாம். மூன்று பிரதிகளும் அணைந்த சர்வரிலேயே இருக்கும் பிஜிக்களுக்கு அதனால் பயனில்லை; மற்றவற்றிலோ, ஒற்றைப் பிரதியில் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த வட்டு பழுதானால் தரவு போய்விடும். ஹோஸ்ட் வாரியான புதிய விதியை உருவாக்கி, உங்கள் தரவு இருக்கும் பூலுக்கு (செஃப் சேமிப்பகத்தின் ஒரு பிரிவு) அதை ஒதுக்குங்கள். உடனே பெருமளவு தரவு இடம் மாறும் என்பதால், பயன்பாடு குறைந்த நேரத்தில் செய்வது நல்லது. இயல்பு அமைப்பில் ஓஎஸ்டி 85% நிரம்பினால் எச்சரிக்கை வரும், 95% ஆனால் எழுதுவதே நின்றுவிடும். எனவே காலியிடத்தை முன்பே பாருங்கள். வட்டுகளை ரெய்டு கார்டுக்குப் (பல வட்டுகளை ஒன்றாக்கிக் காட்டும் வன்பொருள்) பின்னால் மறைத்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். செஃபுக்கு வட்டுகள் நேரடியாகத் தெரிய வேண்டும்.

கேட்டவர்:
விதியை மாற்றி, இடமாற்றம் முடிந்தபின் மீண்டும் ஒரு சர்வரை அணைத்தேன். எதுவும் உறையவில்லை. எனினும் பிரதி குறைவு என்ற எச்சரிக்கை மட்டும் நீங்கவில்லை.

பதில் 1:
அது நீங்காது. மூன்றாம் பிரதியை வைக்க நான்காவது சர்வர் இல்லையே. அணைத்த சர்வர் திரும்பியதும் விடுபட்ட மாற்றங்களைப் பெற்று அதுவே சரியாகிவிடும்.